அம்மா வீட்டுச் சாமான்களை எப்படிக் குறைப்பது? (மட்டக்களப்பு கல்லடி, ஆறு கிழமைதான் இருக்கிறது)

கல்லடிக்காரி | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். நம் ஊர் வழக்கப்படி அம்மா இருக்கும் வீடு அவளுக்குப் போகிறது. எனக்கு 2012 இலேயே அதே வளவில் வீடு கட்டித் தந்துவிட்டார்கள், அதனால் அதில் ஒரு கதையும் இல்லை. அம்மா பின்பக்கம் கட்டியிருக்கும் இரண்டு அறை வீட்டுக்கு மாறுகிறார். அவருடன் மாறவேண்டிய சாமான்கள்தான் என் தலைவலி.

மூன்று அறை, விறாந்தை, குசினி, குசினிக்கு மேலே பறன். நேற்று ஒரே ஒரு அறையை எண்ணிப் பார்த்தேன். வெறும் பால்மா டின் 43. ஜாம் போத்தல் ஒரு சாக்கு. ஐஸ்கிரீம் டப்பாவை எண்ணவே இல்லை. ஓடாத மணிக்கூடு மூன்று. அப்பாவின் கிளினிக் கொப்பிகள் (அப்பா போய் ஆறு வருடம்). நாங்கள் போகாத கல்யாணங்களின் அழைப்பிதழ்கள். அப்புறம் அந்தத் தையல் மெஷின்.

மெஷினைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். 2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) நாள், சுனாமி வந்த நாள். நாங்கள் முதல் நாளே மாமாங்கத்தில் மாமி வீட்டுக்குப் போயிருந்தபடியால் உயிர் தப்பினோம். வீட்டில் இரண்டு சுவர் மிஞ்சியது. ஒரு கிழமை கழித்து நாலு வளவு தள்ளி, ஒரு தென்னை மரத்தடியில் மணலுக்குள் மெஷினின் தலை மட்டும் கிடந்தது. உப்புத்தண்ணீரில் இறுகிவிட்டது, சக்கரம் அசையாது. இருபது வருடமாக அம்மா அதற்கு எண்ணெய் விடுகிறார். இன்றுவரை ஒரு தையல் போட்டதில்லை.

ஒரு வீடியோவில், ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து ‘இது சந்தோஷம் தருகிறதா’ என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அம்மாவின் கையில் ஒரு வாளியைக் கொடுத்துக் கேட்டேன். “வாளி தண்ணி அள்ளுவதற்கு மகள், சந்தோஷத்துக்கு இல்லை” என்றார். யாராவது வழி சொல்லுங்கள்.

திருக்கோவில் மச்சான் | சனி, இரவு 9.30

அக்கா, எங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் நான் ஐஸ்கிரீமைக் கண்டது ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு பதினொரு வருடம் நெத்தலிக் கருவாடு. பித்தளை, செம்பு இருந்தால் நிறுத்துக் கொடுங்கள், நல்ல காசு. டின்னைப் பழைய இரும்புக்காரர் எடுப்பார், ஆனால் தேத்தண்ணிச் செலவுக்கும் வராது.

சூரிச் தம்பி | சனி, இரவு 10.05

அக்கா, கேட்டுக்கொண்டு இருந்தால் ஒன்றும் நடக்காது. அம்மாவை இரண்டு நாள் யாராவது சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியைப் பிடித்து ஏற்றி விடுங்கள். வந்து பார்த்து இரண்டு நாள் அழுவார், மூன்றாம் நாள் மறந்துவிடுவார். இங்கே குப்பை போடும் பைக்கே காசு கட்டவேண்டும், வேறு பையில் போட்டால் தண்டம். அதனால் ஒரு சாமானை வாங்கும்போதே அதை எறிய என்ன செலவு என்று யோசிக்கப் பழகிவிட்டோம். என் வீட்டில் இரண்டு பெட்டிக்கு மேல் ஒன்றும் இல்லை. தலை இலேசாக இருக்கிறது. இதைப் போல நிம்மதி வேறு இல்லை.

கொக்கட்டிச்சோலை விவசாயி | ஞாயிறு, காலை 5.48

சூரிச் தம்பி, கோபிக்க வேண்டாம். நீங்கள் எறிகிற இடத்தில் மறுநாள் கடைக்குப் போனால் அதே சாமான் இருக்கும். எங்கள் கதை அப்படி இல்லை.

1978 கார்த்திகைச் சூறாவளியில் எனக்கு ஒன்பது வயது. விடியும்போது எங்கள் வளவில் நின்ற 60 தென்னையில் நிமிர்ந்து நின்றது நாலு. வீட்டில் மிஞ்சியது உரலும் அம்மியும், காற்று தூக்கமுடியாததால். அதற்குப் பிறகு போரில் எத்தனை ஓட்டம். கடைசியாக 2007 பங்குனியில் வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரை முழுவதும் எழும்பி வாவியைத் தாண்டி ஓடியது. ஒரு பையில் காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலை இல்லை, பல்ப் இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. ஒரு டின்னைக்கூட நாங்கள் திரும்ப வாங்கித்தான் வைத்தோம்.

அதனால் உங்கள் அம்மா டின் சேர்க்கிறார் என்றால் எனக்கு அது விளங்குகிறது மனே. அவருக்குத் தெரியாமல் லாண்ட்மாஸ்டரில் ஏற்றினால் அது அவருக்கு இன்னொரு சுனாமிதான். இந்த முறை பெற்ற பிள்ளை கொண்டுவந்தது.

ஒரு கேள்வி. அந்த மூன்று அறையில் இருக்கிற சாமான் எல்லாம் அம்மாவுடையதுதானா? எண்ணிப் பார்த்தீர்களா?

சூரிச் தம்பி | ஞாயிறு, காலை 11.20

ஐயா, நானும் 2006 இல் வாகரையில் இருந்து நடந்து வந்தவன்தான். இழந்தது என்னவென்று எனக்கும் தெரியும். இழந்து பழகியதால்தான் எதையும் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கொக்கட்டிச்சோலை விவசாயி | ஞாயிறு, பகல் 12.02

அது தெரியாமல் எழுதிவிட்டேன் தம்பி. மன்னியுங்கள்.

மட்டுநகர் உளவளத்துணை | ஞாயிறு, மாலை 4.15

நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவள், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், டின் 43 இருப்பதால் அம்மாவுக்கு நோய் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். சாமான் சேர்ப்பதை ஒரு தனிக் கோளாறாக அமெரிக்க உளமருத்துவக் கையேடு 2013 இல் சேர்த்தது உண்மை. ஆனால் அங்கே பார்ப்பது எண்ணிக்கையை இல்லை. கட்டிலில் படுக்க முடியவில்லை, அடுப்பில் சமைக்க முடியவில்லை, ஒன்றைக் கொடு என்றாலே தாங்கமுடியாத வேதனை வருகிறது, அப்படியென்றால்தான் வைத்தியரிடம் போகவேண்டும். உங்கள் அம்மா அந்தக் குசினியில்தானே சமைக்கிறார்?

கைவிட மனம் வராதது எல்லோருக்கும் உள்ளது. 1990 இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு கோப்பையைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள், மற்றவர்களை வாங்கச் சொன்னார்கள். கையில் கோப்பை இருந்தவர்கள் கேட்ட விலை, வாங்குகிறவர்கள் தர நினைத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடம் முன்பு கிடைத்த கோப்பைக்கே அப்படி. மணலைத் தோண்டி எடுத்த மெஷினுக்கு எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அதே நேரம், சூரிச் தம்பி சொன்ன அந்தத் தலை இலேசாவதும் பொய் இல்லை. லொஸ் ஏஞ்சலீஸில் வேலைக்குப் போகும் கணவன் மனைவிகளிடம் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி, அவர்கள் வாயில் வந்த சொற்களை எண்ணினார்கள். 2010 இல் வந்த ஆய்வு. ‘குவிந்து கிடக்கிறது’, ‘இன்னும் முடிக்கவில்லை’ என்று அதிகம் சொன்ன பெண்களுக்கு, பகலில் இறங்கவேண்டிய கோர்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஹோர்மோன் சரியாக இறங்கவில்லை. ஆண்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. அவர்கள் குவியலைக் கண்டார்களோ இல்லையோ, அது என் சந்தேகம்.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். ‘இதை எறியட்டா’ என்று கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். புது வீட்டில் அலுமாரி எங்கே, தட்டு எத்தனை என்று அம்மாவை முதலில் அளக்கச் சொல்லுங்கள். பிறகு ‘இந்தத் தட்டில் எதை வைப்போம்’ என்று கேளுங்கள். டின், போத்தல் முதலில், படங்களும் கடிதங்களும் கடைசியில். வைக்க இடமில்லாத ஞாபகச் சாமானைப் படம் எடுத்து வைக்கலாம். அமெரிக்காவில் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் பிள்ளைகளை அப்படிப் படம் எடுக்கச் சொன்னபோது கூடுதலாகவே கொடுத்தார்கள், 2017 இல் வெளிவந்தது. ஆனால் மெஷினுக்கு இதைச் செய்யாதீர்கள். மெஷின் இருக்கட்டும்.

கொசுத்துறை | ஞாயிறு, இரவு 7.40

நான் பொதுச் சுகாதாரப் பக்கம் ஆள். வீட்டுக்குள் இருப்பது உங்கள் குடும்ப விஷயம், வளவில் இருப்பது என் விஷயம். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை விடாது. நிமிர்ந்து கிடக்கிற ஒரு டின், ஒரு சிரட்டை, ஒரு பழைய டயர் போதும் டெங்குக் கொசுவுக்கு. முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள். தண்ணீர் வற்றினாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும், அதனால் ஊற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும். வீட்டில் இருந்து எடுக்கிற சாமானைத் தயவுசெய்து கிணற்றடியில் குவித்து ‘பிறகு பார்ப்போம்’ என்று விடாதீர்கள். அந்தப் பிறகு கார்த்திகையில் காய்ச்சலோடு வரும்.

ஏறாவூர் ராத்தா | திங்கள், காலை 10.30

தங்கச்சி, எங்களிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அதனால் உங்கள் நிலைமை நன்றாக விளங்குகிறது. எங்கள் உம்மா வஃபாத்தாகி நாலு மாதத்தில் நான்தான் வீட்டைத் திறந்து எடுத்தேன். உடுப்பு கஷ்டமாக இருக்கவில்லை. ஸதகாவாக (தருமமாக) கொடுத்தோம், உம்மாவே அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். கஷ்டப்படுத்தியது பீங்கான்கள்.

குசினித் தட்டின் அடியில் எங்களுடையது இல்லாத பாத்திரம் 17 இருந்தது. நோன்புக் கஞ்சி வந்த கோப்பை, பெருநாளைக்கு வட்டிலப்பம் வந்த பாத்திரம், மையத்து (இழவு) வீட்டுக்குச் சோறு அனுப்பிவிட்டு மாறி வந்த சட்டி. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உம்மா எதையாவது போட்டுத்தான் அனுப்புவார். கடைசி இரண்டு வருடம் கை கால் ஓடவில்லை, சமைக்க முடியவில்லை, அதனால் கொடுக்காமலே குவிந்துவிட்டது. அடியில் ஆணியால் கீறின எழுத்தை வைத்து ஒவ்வொன்றும் யாருடையது என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தொதல் இனிப்பு வைத்து, மூன்று நாள் அஸர் (பின்னேரத் தொழுகை) நேரம் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதினைந்தாவது சட்டி என் சாச்சியுடையது. வேலித் தகராறு ஒன்றில் எட்டு வருடம் எங்களோடு பேச்சு இல்லை. கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தார். “இதை நான் எங்கேயெல்லாம் தேடினேன் தெரியுமா” என்றார். பிறகு “உள்ளே வா” என்றார். வேலி இன்னும் அதே இடத்தில் கோணலாகத்தான் நிற்கிறது, நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் இப்போது வியாழன் இரவுகளில் அங்கேதான் சாப்பாடு.

உங்கள் அம்மாவின் குசினியிலும் அடுத்த வீட்டுப் பாத்திரம் இருக்கும். அதில் தொடங்குங்கள், அதற்கு அம்மா மறுப்புச் சொல்ல மாட்டார்.

திருக்கோவில் மச்சான் | திங்கள், காலை 10.52

ராத்தா, எங்கள் வீட்டுக் குத்துப்போணி ஒன்று 2009 இல் இருந்து காணவில்லை. அடியில் ‘க’ என்று கீறியிருக்கும். கண்டால் சொல்லுங்கள், தொதல் இருந்தால் வீணாக்க வேண்டாம்.

பெயர் வேண்டாம் | திங்கள், இரவு 11.37

எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். என் அண்ணனை 1990 இல் கொண்டுபோனார்கள். அவருடைய ஒரு சேர்ட்டும் ஒரு சாரமும் எங்கள் றங்குப்பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் சித்திரைக்கு முதல் கிழமை அம்மா அதைத் தோய்த்து, வெயிலில் போட்டு, மடித்து வைப்பார். அம்மா 2016 இல் போய்விட்டார். இப்போது நான் தோய்க்கிறேன். துணி நூலாகப் போய்விட்டது, பிழிய முடியாது, நனைத்து எடுப்பது மட்டும்தான்.

நல்லது நினைத்துத்தான் சொல்கிறார்கள், ‘விட்டுவிடு, மனம் ஆறும்’ என்று. எதை விடச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. அண்ணனுக்கு இப்போது 57 வயது. பதில் வேண்டாம், எழுதவேண்டும் போல இருந்தது.

மட்டுநகர் உளவளத்துணை | செவ்வாய், காலை 8.10

பதில் வேண்டாம் என்றீர்கள், இது உங்களுக்குப் பதில் இல்லை. இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு.

இறந்தார் என்று தெரியாத, வருவார் என்றும் சொல்லமுடியாத இழப்பை 1970களில் இருந்து தனியாக ஆராய்ந்தவர் பவுலின் பொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களில்தான் அவர் தொடங்கினார். இந்த இழப்புக்கு ‘முடித்து வை’ என்ற வைத்தியம் சரிவராது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. நம் நாட்டுச் சட்டமும் 2016 இல் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டது. மரணச் சான்றிதழ்தான் எடுக்கவேண்டும் என்ற நிலை மாறி, ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று வந்தது. ஒரு பெட்டியில் ஒரு சேர்ட் இருப்பது எந்த வீட்டையும் நிரப்பாது. மனச்சுமை என்று பொதுவாகப் பேசும்போது இதையும் பழைய கோபதாபத்தையும் ஒரே சாக்கில் போடாதீர்கள்.

கல்லடிக்காரி | புதன், இரவு 10.20

வேலை முடிந்து மூன்று நாளாக அறைக்குள்ளேயே கிடந்தேன், மன்னியுங்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். திங்கள் இரவு பெயர் போடாமல் எழுதியவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

கொக்கட்டிச்சோலை ஐயா கேட்ட கேள்வி என்னைச் சரியாகக் குத்தியது. எண்ணினேன். மூன்று அறையிலும் பறனிலும் சேர்த்து 31 பெட்டி. அதில் 19 எங்களுடையது. அண்ணனின் கிரிக்கெட் பாட், என் சாதாரணதரக் கொப்பிகள், மகன் பிறந்தபோது நான் உடுத்த சட்டைகள், தங்கச்சியின் கம்பஸ் நோட்ஸ், என் கல்யாணத்தில் மிஞ்சிய கேக் பெட்டிகள் 60. எல்லாம் ‘அம்மா, இதைக் கொஞ்ச நாளைக்கு வைத்திருங்கள்’ என்று நாங்கள் கொண்டுவந்து போட்டது. என் வீடு ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ அம்மாவைத் திருத்த வழி கேட்டு இங்கே வந்தேன்.

அந்த 19 ஐயும் என் விறாந்தைக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் கணவர் சுற்றிப் போகிறார்.

பாத்திர யோசனை வேலை செய்தது ராத்தா. ஆறு கிடைத்தது. அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கதை சொல்லிச் சொல்லிக் கொடுத்தார், கொடுத்துவிட்டு வந்ததும் அவராகவே ஜாம் போத்தல் சாக்கைப் பார்த்து ‘இது என்னத்துக்கு’ என்றார்! நான் வாயே திறக்கவில்லை. மணிக்கூடு மூன்றும் போய்விட்டன. மெஷினுக்குப் புது வீட்டு யன்னலடியில் இடம் அளந்தாயிற்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் பெட்டி ஒன்றில், கொப்பிகளுக்கு நடுவில், ஒரு அடகுத் துண்டு இருந்தது. 2015 இல் என் மச்சாள், அண்ணனின் மனைவி, அவசரம் என்று என்னுடைய இரண்டு பவுண் காப்பை வாங்கி அடகு வைத்தார். மீட்கவில்லை, ஏலத்தில் போய்விட்டது. துண்டை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பத்து வருடமாக அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போவேன், சிரிப்பேன், ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கொக்கட்டிச்சோலை விவசாயி | வியாழன், காலை 5.30

அந்தத் துண்டைக் காட்டி இனி ஒருவரும் காப்பைத் தரப்போவதில்லை மகள். ஆனால் இரண்டு பவுண் என்பது இரண்டு பவுண்தான். சும்மா மன்னித்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டு வாங்கு, இல்லையென்றால் கேட்கமாட்டேன் என்று முடிவெடு. இரண்டும் இல்லாமல் வைத்திருப்பதுதான் செலவு.

சூரிச் தம்பி | வியாழன், மாலை 6.45

அக்கா, நான் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு பெட்டிக்கு மேல் ஒன்றும் இல்லை என்று எழுதினேன் அல்லவா? உங்கள் 19 ஐ வாசித்துவிட்டு வாழைச்சேனையில் இருக்கும் அம்மாவுக்கு எடுத்துக் கேட்டேன். என் பெயரில் அங்கே ஒரு அறை பூட்டியிருக்கிறதாம். ஏழு பெட்டி. எலி வராமல் மாதம் ஒரு தடவை திறந்து கூட்டுகிறாராம். மார்கழியில் டிக்கெட் போடுகிறேன்.

ஏறாவூர் ராத்தா | வியாழன், இரவு 8.15

தங்கச்சி, மச்சாளிடம் துண்டைக் காட்டினீர்களா?

கல்லடிக்காரி | வெள்ளி, இரவு 9.50

இல்லை. ஆனால் இன்றைக்கு அம்மா என் விறாந்தையில் உட்கார்ந்து எனக்கு உதவி செய்தார். கொப்பிகளைப் பிரித்தவர் துண்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, திகதியையும் பெயரையும் வாசித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நான் இந்தக் கிழமை முழுவதும் அவரிடம் கேட்ட அதே குரலில், “இதை எந்தத் தட்டில் வைப்போம்?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. துண்டு இப்போது மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே கிடக்கிறது. கல்யாணத்துக்கு முதல் அண்ணன் வீட்டுக்கு அழைப்பிதழ் கொண்டு போகவேண்டும், நான்தான் போகவேண்டும். பார்ப்போம்.

டின் 43 மட்டும் மிச்சம். மழைக்கு முதல் யாருக்காவது வேண்டுமா?

மருதமுனைக் கைத்தறி | வெள்ளி, இரவு 10.25

அஸ்ஸலாமு அலைக்கும், இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்களுக்குச் சாயப் பொடி போட்டு வைக்க டின் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்லடிப் பக்கம் வருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மூடி எல்லாம் இருக்கிறதா?

கல்லடிக்காரி | வெள்ளி, இரவு 10.31

அம்மாவிடம் கேட்டேன். இருக்கிறதாம். அது வேறு பெட்டியாம்.